பதினொரு மைலும் மூன்று கியரும்

காசிக்கும் கொழும்புக்கும் போய்வந்தவர்கள் எழுதியதை நான் நிறையப் படித்திருக்கிறேன். என் பயணம் மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் தொடங்கி, தியாகராய நகர், சைதாப்பேட்டை, அடையாறு என்று சுற்றி, அதே குளத்தங்கரையில் முடிந்தது. மொத்தம் பதினொரு மைல். சைக்கிள் விடத் தெரிந்தவர்கள், நடுவில் இரண்டு இடத்தில் இளைப்பாறினாலும், இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிடுவார்கள். எனக்கு ஏழே கால் மணி நேரம் ஆயிற்று.

எதற்காகப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் ஒரு மாதர் சங்கம், எழுத்தறியாத பெண்களுக்குப் பகல் வகுப்புகள் நடத்துகிறது. வகுப்புகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுத ஒரு பெண் தேவை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.ஸி. தேறியிருக்க வேண்டும், சொந்தமாகச் சைக்கிள் இருக்க வேண்டும், சம்பளம் மாதம் நாற்பத்தைந்து ரூபாய். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் சைக்கிள் வைத்திருந்த ஒரே பெண்ணும் நான்தான். விளம்பரத்தைப் படித்தபோது, யாரோ என்னைப் பார்த்துவிட்டு எழுதியதைப் போல இருந்தது.

சைக்கிள் எங்களுக்கு வந்த விதம் இது. அடையாற்றில் ஒரு துரையின் பங்களாவில் அப்பா பதினாறு வருஷம் சமையல் செய்தார். சுதந்திரம் வந்த பிறகு துரை குடும்பத்தோடு சீமைக்குப் போய்விட்டார். போகிறபோது துரைசானி தன் சைக்கிளை எனக்குக் கொடுத்தாள். பச்சை நிறம், பெண்கள் ஏறும்படி வளைந்த சட்டம், பின் சக்கரத்தின் நடுவே உருண்டையான ஒரு கூடு. அந்தக் கூட்டுக்குள் மூன்று கியர்கள். ஹாண்டில்பாரில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு நெம்பி. ஒன்றில் வைத்தால் மிதிப்பது லேசாக இருக்கும், வேகம் வராது, மூன்றில் வைத்தால் கனக்கும், வண்டி பறக்கும், இரண்டு நடுத்தரம். இதை விளக்கும் ஓர் ஆங்கிலச் சிறு புத்தகத்தையும் துரைசானி கொடுத்திருந்தாள். பதினெட்டுப் பக்கம். அகராதியை வைத்துக்கொண்டு அதை நான் ஒரு வரி விடாமல் படித்தேன்.

துரை போனதிலிருந்து அப்பாவுக்கு நிலையான வேலை இல்லை. சைக்கிளுக்கு நூற்றுப் பத்து ரூபாய் தர ஓர் ஆள் தயாராக இருந்தார். இந்த வேலை கிடைத்தால் சைக்கிள் என்னிடமே இருக்கும், கிடைக்காவிட்டால் மறுநாள் காலை அது போய்விடும் என்று பேச்சு. “உனக்காவ ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கிறேன் கண்ணு. அதுக்கு மேல என்னால ஆவாது” என்றார் அப்பா.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்கால். மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டேன். அச்சாபீஸில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரர் தன் கைக்கடிகாரத்தை இரவல் கொடுத்திருந்தார். ஆகையால் இதில் வரும் நேரங்களை நம்பலாம். ஐப்பசி மாதம். இரண்டு வாரமாக விட்டு விட்டு மழை பெய்ததால் வண்டியை நான் வெளியே எடுக்கவில்லை. ஆயுத பூஜையன்று வைத்த சந்தனமும் குங்குமமும் ஹாண்டில்பாரில் இன்னும் ஒட்டியிருந்தன. துடைக்கப் போனபோது அம்மா தடுத்தாள். நல்ல காரியத்துக்குப் போகையில் அது இருக்கட்டும் என்றாள். இருக்கட்டும் என்று விட்டேன்.

தெருவே நின்று பார்த்தது. யாரையும் பார்க்காததுபோல் நேராகப் பார்த்துக்கொண்டு மிதித்தேன். வண்டி லேசாகவே போயிற்று. சற்று அதிகமாகவே லேசாக. அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது மணி. குளத்துக்குத் தென்புறம் சங்கத்தின் கட்டடம். காரியதரிசி அம்மாள் ஐம்பது வயதுக்காரர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். என்னோடு இன்னொருத்தியும் வந்திருந்தாள். பெயர் பிலோமினா, சாந்தோம் மாதா கோயில் தெருவைச் சேர்ந்தவள், அவளுடைய அம்மாவும் அத்தையும் உபாத்தியாயினிகள். அவளுடைய சைக்கிள் ஆண்கள் ஓட்டுவது, கறுப்பு, துருப்பிடித்தது. கியர் கிடையாது. அதைப் பார்த்ததும் எனக்குள் வந்த எண்ணத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பரீட்சை என்று எதுவும் இல்லை. ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். தியாகராய நகர் வகுப்பு பத்திலிருந்து பதினொன்றரை வரை. அடையாறு வகுப்பு இரண்டிலிருந்து மூன்று வரை. இரண்டிலும் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், என்ன பாடம் என்று எழுதி, ஆசிரியையிடம் கையெழுத்து வாங்கி, நான்கு மணிக்குள் திரும்ப வேண்டும். “நேரம்தான் முக்கியம். அந்தப் பொம்மனாட்டிகள் ஆத்து வேலையெல்லாம் போட்டுட்டு வரா. நாம லேட்டாப் போனா அவாளுக்கு என்ன மதிப்பு இருக்கும்?” என்றார் காரியதரிசி அம்மாள். நான் ஒன்பதரைக்கும் பிலோமினா அரை மணி கழித்தும் புறப்படுவதாக ஏற்பாடு.

*

ஒன்பது நாற்பது. லஸ் முனை. டிராம் வண்டி ஒன்று ராயப்பேட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அது போனதும் தண்டவாளத்தைத் தாண்டி வேகமெடுக்கலாம் என்று நெம்பியை மூன்றில் தள்ளி, எழும்பி மிதித்தேன். மிதி காற்றில் இறங்கியது. சங்கிலி சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. மாடிப்படியில் இல்லாத ஒரு படியை நம்பிக் கால் வைத்தவளைப் போல முன்னால் சரிந்து, தண்டவாளத்தின் மேலேயே விழுந்தேன். இடது முழங்காலில் தோல் போயிற்று. புடவை ஓர் அங்குலம் கிழிந்தது. பூக்காரி ஒருத்தி தூக்கிவிட வந்தாள். வேண்டாம் என்றேன்.

லஸ் சர்ச் ரோடில் ஒரு மதிலோரம் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். நெம்பியிலிருந்து வரும் கம்பி, பின் சக்கரத்தின் அச்சுக்குள் நுழையும் ஒரு குட்டிச் சங்கிலியோடு சேர்கிறது. சுண்டுவிரலின் நகத்தைவிடச் சிறிய கண்ணிகள். நெம்பியை ஒன்றுக்கு இழுத்தால் அந்தச் சங்கிலி வெளியே வரும். மூன்றுக்குத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை இழுத்துக்கொள்ளும். கியர் மாறுவது இப்படித்தான். அன்று கம்பி தொய்ந்து கிடந்தது. சிறு புத்தகத்தின் பதினோராம் பக்கம் எனக்கு மனப்பாடம். கம்பி தொய்ந்திருந்தால் திருகைச் சுற்றி இறுக்கவும். இறுக்கினேன். தொய்வு போயிற்று. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மௌபரீஸ் ரோடு தாண்டி எல்டாம்ஸ் ரோடில் திரும்பியபோதுதான் தெரிந்தது, வண்டி ஒன்றாவது கியரை விட்டு அசையவே இல்லை. நெம்பி இரண்டில் இருந்தாலும் மூன்றில் இருந்தாலும் ஒன்றுதான். இந்த வண்டி நல்ல நிலையில் ஓடினால் பின் சக்கரத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று கடிகாரம் போல ஒரு சத்தம் வரும். ஒன்றாவது கியரில் மட்டும் அது வராது. அன்று அந்தச் சத்தத்துக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டே மிதித்தேன். வரவில்லை. கால்கள் தையல் இயந்திரம் போல அடித்துக்கொள்கின்றன, எதிரே இருக்கும் மரம் எதிரேயே இருக்கிறது. தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோடைக் கடக்கும்போது வாழைத்தார் ஏற்றிய ஒரு மாட்டு வண்டி என்னை முந்திற்று. வண்டிக்காரர் திரும்பி என் கால்களையே பார்த்துக்கொண்டு போனார்.

நடுவில் மூன்று முறை இறங்கினேன். ஒவ்வொரு முறையும், கொண்டுவந்திருந்த சிறு புத்தகத்தில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்து, திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். புத்தகம் தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் சரியாக இறுக்கவில்லை என்றுதான் தோன்றியது.

பத்தே முக்கால். பாண்டி பஜார் கடந்து பனகல் பார்க்கை அடைந்தேன். மூன்று மைலுக்கு, விழுந்ததையும் இறங்கியதையும் சேர்த்து, ஒன்றே கால் மணி. வகுப்பு ஒரு வீட்டின் கார் கொட்டகையில் நடந்தது. இருபத்திரண்டு பெண்கள், ‘ப’ வரிசை எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வேர்த்து நொண்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் பலகைகள் எல்லாம் நின்றன. கீரை விற்கிற ஒருத்தி கேட்டாள், “இன்னா டீச்சரம்மா, வண்டி மேல நீ ஏறிக்கினு வந்தியா, உன் மேல அது ஏறிக்கினு வந்துச்சா?” கொட்டகையே சிரித்தது. சிரித்திருந்தால் நானும் அவர்களில் ஒருத்தியாகியிருப்பேன். நான் நோட்டைத் திறந்து, வருகை இருபத்திரண்டு என்று எழுதினேன். கையெழுத்துக் கிடைத்தது. உள்ளே இருக்கையில் பிலோமினாவும் வந்துவிட்டாள். அவள் அந்தக் கீரைக்காரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பதினொன்றேகால். உஸ்மான் ரோடு வழியாகத் தெற்கே போய் மவுண்ட் ரோடில் ஏறினேன். சைதாப்பேட்டை இரண்டு மைல். வெயில் பளிச்சென்று அடித்தது. பாதி தூரம் மிதித்தேன், பாதி தூரம் தள்ளினேன்.

பன்னிரண்டே கால். மர்மலாங் பாலத்துக்கு இப்புறம் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் மஸ்தான் பாய் பலகையை வைத்து மூடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய்விட்டு ஒன்றேகாலுக்குத் திரும்புவேன், நிழலில் உட்காரம்மா என்றார். வேறு கடைக்குப் போயிருக்கலாம். கால் வரவில்லை. எதிரே இருந்த காப்பிக் கடையில் ஒன்றரை அணாவுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அப்போதும் கணக்கு ஒத்து வந்தது. அடையாறு அங்கிருந்து மூன்றரை மைல். ஒன்றரைக்குப் புறப்பட்டால்கூட இரண்டேகாலுக்குப் போய்விடலாம்.

மஸ்தான் பாய் சொன்ன நேரத்துக்கு வந்தார். குந்தி உட்கார்ந்து பின் சக்கரத்தைச் சுற்றினார். குட்டிச் சங்கிலியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

“இந்த மாதிரி வண்டி நான் ஒண்ணு ரெண்டு பாத்துகீறேன், பிரிச்சதில்ல. ஆனா இது வெளிய வருது, உள்ள போவ மாட்டேங்குது பாரு. என்னவோ அடைச்சிக்கினு கீது. இந்த ஓட்டை வெச்ச நட்டைக் கழட்டி, கொஞ்சம் மண்ணெண்ணெ ஊத்திப் பாக்கலாம்.”

நான் கூடாது என்றேன். பயிற்சியில்லாதவர்கள் கூட்டைப் பிரிக்கக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று சொல்லி, அந்தப் பக்கத்தையும் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது தெரிந்தே காட்டினேன்.

“கூட்ட யாரும்மா தொடப் போறது? நான் நட்டைத்தானே சொல்றேன்.”

“அடைக்க அதில் என்ன இருக்கிறது? மழைக்குப் பயந்து வெளியே எடுக்காமல் துணி போட்டு மூடி வைத்த வண்டி. கம்பி அதிகமாக இறுகிவிட்டது, தளர்த்திக் கொடுத்தால் போதும்.”

“புஸ்தகம் எழுதினவன் இந்த வண்டிய வந்து பாத்தானா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் புத்தகத்தை மூடியதும், “படிச்ச பொண்ணு, உன் இஷ்டம்” என்று சொல்லித் திருகைத் தளர்த்த ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. மிச்சத்தை நானே செய்துகொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டணா நீட்டினேன். ஒன்றும் செய்யாததற்குக் காசு எதற்கு என்று அவர் வாங்கவில்லை.

ஒன்று நாற்பது. மர்மலாங் பாலத்தில் ஏறினேன். சென்னையில் மேடு என்று சொல்ல என்ன இருக்கிறது? பாலங்களும் சின்னமலையும்தான். அந்த மேட்டில் பாதி ஏறியபோது மிதி மறுபடி காற்றில் இறங்கியது. இந்த முறை விழவில்லை. குனிந்து பார்த்தால், நான் அரைகுறையாக விட்ட திருகு ஆட்டத்தில் கழன்று, கம்பி ஒரு பக்கமும் குட்டிச் சங்கிலி ஒரு பக்கமுமாகத் தொங்கின. மாட்டித் திருகினேன், நூறு கெஜம் போனதும் கழன்றது. மறுபடி திருகினேன், மறுபடி கழன்றது. நாலாவது தடவை மரை பிடிக்கவே இல்லை. வெறுமனே சுற்றியது. இப்போது ஒன்றாவது கியரும் போயிற்று. மூன்று கியர் வைத்த சைக்கிளில் ஒரு கியர்கூட இல்லை.

தள்ளிக்கொண்டு நடந்தேன். ஆற்றில் புது வெள்ளம் சிவப்பாக ஓடியது. வண்ணார்கள் மணல் திட்டில் வெளுத்த துணிகளை, மழை வருவதற்குள் என்று, அவசரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

*

இரண்டேகால். கிண்டியைத் தாண்டி, கிழக்கே அடையாற்றுக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் கவர்னர் மாளிகைத் தோட்டத்தின் காடு. இந்தச் சாலையில் போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து வரும் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றில் இறங்கித் தள்ளுவதே ஒரு வேலை. புடவைத் தலைப்பு கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது, கண்ணில் மண் விழுகிறது. முழங்கால் காயம் காய்ந்து, ஒவ்வோர் அடிக்கும் வெடித்தது.

பின்னால் மணிச் சத்தம் கேட்டது. பிலோமினா. வெகு நேரத்துக்கு முன்பே என்னைத் தாண்டிப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன்; பனகல் பார்க்கில் அந்தப் பெண்களோடு பேசிக்கொண்டே இருந்துவிட்டாளாம். எழுந்து நின்று, காற்றை நெஞ்சால் தள்ளி மிதித்து வந்தவள், என்னைப் பார்த்ததும் இறங்கினாள்.

“என்னங்க ஆச்சு? பஞ்சரா?”

“ஒன்றுமில்லை. சும்மா நிழலுக்கு நின்றேன்.”

அவள் என் முழங்காலைப் பார்த்தாள். தொங்கும் கம்பியையும் பார்த்தாள். “பின்னால ஏறிக்குங்களேன், ரெண்டு பேரும் போயிடலாம். உங்க வண்டிய இங்க எங்கயாவது விட்டுட்டு வரலாம். இல்லன்னா நான் முன்னால போயி, நீங்க வந்துக்கிட்டு இருக்கீங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லி வைக்கிறேன்.”

“வேண்டாம். நானே வந்துவிடுவேன்.”

“சரிங்க” என்றாள். ஏறிப் போனாள். அந்தத் துருப்பிடித்த சைக்கிள் காற்றில் கிறீச்சிட்டுக்கொண்டே போயிற்று. அவள் திரும்பிப் பார்த்தால் நான் தள்ளுவது தெரிந்துவிடும் என்று, மரத்தடியிலேயே நின்றேன். சாலை வளைவில் அவள் மறையும்வரை நின்றேன். பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். கடிகாரம் கையில் இருந்தபடியால் எவ்வளவு நேரம் என்று தெரியும். பன்னிரண்டு நிமிஷம்.

மூன்று இருபத்தைந்து. அடையாறு. வகுப்பு ஓர் ஓட்டுக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நடப்பது. பாய்களைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள். ஒருத்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் எங்கே என்று கேட்டேன்.

“இப்பத்தான் போனாங்கம்மா. அந்த வேதக்காரப் பொண்ணு, இன்னொருத்தர் வந்துக்கினு கீறாங்க, கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. மூணேகால் வரிக்கும் வழியப் பாத்துக்கினே இருந்தாங்க. நீதானா அது?”

நான்தான் என்றேன். அவள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். டீச்சர் எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டேன். திருவான்மியூர்ப் பக்கம், ஜட்கா வண்டியில் என்றாள். மூன்றேகாலிலிருந்து மூன்று இருபத்தைந்து வரை பத்து நிமிஷம். நான் மரத்தடியில் நின்றது பன்னிரண்டு. இதை அங்கேயே, தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கழித்துப் பார்த்தேன். எஸ்.எஸ்.எல்.ஸி.யில் கணக்கில் நான் எழுபத்தொன்பது வாங்கியவள்.

*

மூன்று நாற்பது. எல்பின்ஸ்டன் பாலம். இடது பக்கம் ஆறு, வலது பக்கம் முகத்துவாரமும் அதற்கப்பால் கடலும். பங்களாவில் வேலை இருந்த நாளில் அப்பாவுக்கு மாற்று வேட்டி எடுத்துப்போக இந்தப் பாலத்தில் நான் நூறு முறை நடந்திருக்கிறேன். பிறகு இதே பச்சை வண்டியில், மூன்றாவது கியரில், டிக் டிக் என்று பறந்திருக்கிறேன். இன்று மறுபடி நடை. கூட ஒரு சுமை. பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்று, இதைத் தூக்கிக் கீழே போட்டால் என்ன என்று நினைத்தது உண்மை. நூற்றுப் பத்து ரூபாய் என்பதால் போடவில்லை.

பாலம் இறங்கியதும் மந்தைவெளி வழியாகப் போனால் கால் மைல் மிச்சம். எங்கள் தெரு அதில்தான் வருகிறது. காலையில் என்னை வழியனுப்பிய அத்தனை பேரும் வாசலில் இருப்பார்கள். ஆகவே சாந்தோம் பக்கமாகச் சுற்றிப் போனேன்.

நாலே முக்கால். குளத்தங்கரை. பிலோமினாவின் சைக்கிள் வாசலில் இல்லை. காரியதரிசி அம்மாள் மட்டும் இருந்தார். நோட்டை வாங்கினார். முதல் பக்கம் நிறைந்திருந்தது, இரண்டாம் பக்கம் வெறுமை. கண்ணாடியைக் கழற்றி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“விழுந்தியா? ரத்தம் வந்திருக்கே.”

“ஒன்றுமில்லை.”

“வண்டி கெட்டுப் போச்சா? வழியில யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டிருக்கலாமே, சரோஜா. எங்க பொண்கள் யார் தோள்லயாவது கையை வச்சுண்டுதானே எழுத்து கத்துக்கறா.” பிறகு மெல்ல, “உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஆனா இந்த வேலைக்கு நான் அந்தப் பொண்ணுக்குத்தான் சொல்லியிருக்கேன். வேற ஏதாவது வந்தா ஆளனுப்பறேன்” என்றார்.

நான் வணக்கம் சொன்னேன். ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம். தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன்; தோன்றியது.

*

சனிக்கிழமை காலை ஏழு மணி. பத்து மணிக்கு வாங்குகிற ஆள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஓடாத வண்டியை எப்படிக் காட்டுவது என்று அப்பாவுக்குக் கவலை. நான் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மஸ்தான் பாய் கேட்ட அதே நட்டைக் கழற்றினேன். இரண்டு நிமிஷ வேலை. ரேஷன் மண்ணெண்ணெயில் அரை ஆழாக்கு எடுத்து அச்சின் துவாரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் கறுப்பாக வந்தது. பிறகு மஞ்சளாகக் கட்டி கட்டியாக வந்தது. ஒரு கட்டியை விரலில் நசுக்கினேன். மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறிக்கொண்டு வாசனை வந்தது.

சந்தனம்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவளுக்கும் வாசனை தெரிந்துவிட்டது. ஹாண்டில்பாரைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். “நான் வெச்சதாலயாம்மா?” என்று கேட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

ஆயுத பூஜையன்று நடந்தது இது. அம்மா வழக்கம்போல ஹாண்டில்பாரிலும் விளக்கிலும் பொட்டு வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு நகர்ந்தாள். தெருப் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாச் சைக்கிளிலும்தான் ஹாண்டில்பார் இருக்கிறது. இந்த வண்டியில் விசேஷம் வேறு என்று அவர்களுக்குக் காட்ட எனக்கு ஆசை. நெம்பியை இழுத்துக் குட்டிச் சங்கிலியை வெளியே வரவழைத்தேன். “இதுதான் கியர். மெட்ராஸில் எத்தனை பேரிடம் இருக்கிறது? இங்கே வை அம்மா, நிறைய வை” என்றேன். அம்மா பயபக்தியோடு விரல் நிறைய எடுத்து, சங்கிலியிலும் துவாரத்திலும் வைத்தாள். நான் நெம்பியை விட்டேன். சங்கிலி சந்தனத்தோடு உள்ளே போயிற்று. இரண்டு வாரத்தில் அது கல்லாகிவிட்டது.

“நீ நான் காட்டின இடத்தில்தான் வைத்தாய்” என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த இரண்டு நாளில் நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மரையில் இரண்டு சுற்றுத் தையல் நூல் சுற்றித் திருகினேன், பிடித்துக்கொண்டது. மர்மலாங் பாலத்தில் ஏன் இது தோன்றவில்லை என்று தெரியவில்லை. புடவை ஓரத்திலேயே கிழிந்த நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு அவர் வந்தார். கோடம்பாக்கத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். மகள் ஹைஸ்கூலில் சேர்ந்திருக்கிறாளாம், அவளுக்காக. நெம்பியைத் தொட்டு, “இது இன்னாம்மா? பிரேக்கா?” என்று கேட்டார். மூன்று கியரையும் விளக்கினேன். சிறு புத்தகத்தையும் கொடுத்தேன். “ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தால் ஹாண்டில்பாரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். புத்தகத்தில் இது இல்லை” என்றேன். அவர் சிரித்தார், வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து.

அப்பாவிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். முதலில் சத்தமில்லாமல் போனார், ஒன்றாவது கியர். தெருமுனைக்குக் கொஞ்சம் முன்னால் நெம்பியைத் தள்ளியிருக்க வேண்டும். டிக் டிக் என்று தொடங்கியது. பதினொரு மைலும் நான் காது கொடுத்துக் காத்திருந்த சத்தம். அது வரவரச் சின்னதாகி, மந்தைவெளித் தெருச் சத்தத்தில் கலக்கும்வரை வாசலில் நின்றேன். இந்தத் தடவை, யார் பார்க்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.